பில் ஷாங்க்லி

பில் ஷாங்க்லி (செப்டம்பர் 2, 1913 - செப்டம்பர் 29, 1981) ஸ்காட்லாந்தில் பிறந்த காற்பந்தாட்ட வீரரும் மேலாளரும் ஆவார். இளமையில் நிலக்கரிச் சுரங்கத்தில் பணியாற்றினார். 1959 இல், இரண்டாம் பிரிவிலிருந்த லிவர்பூல் அணியின் பொறுப்பை ஏற்று, 1964 இல் அதனை முதற்பிரிவு வாகையராக்கினார்.

அதுவரை அவ்வணியினர் சிவப்புச் சட்டையும் வெள்ளைக் காற்சட்டையும் அணிந்தனர். முழுச் சிவப்பு வீரர்களைப் பெரிதாகக் காட்டி எதிரணியை அச்சுறுத்தும் எனக் கருதிய ஷாங்க்லி, நெடிய உருவமுடைய அணித்தலைவர் ரான் யீட்சுக்குச் சிவப்புக் காற்சட்டை அணிவித்துப் பார்த்தார். காலுறைகளையும் மாற்றும் யோசனை இயன் செயின்ட் ஜானுடையது. நவம்பர் 1964 இல் ஆண்டர்லெக்ட் அணியைப் புதிய காற்சட்டையுடன் 3-0 என வென்றனர். 

1973 இல் வெற்றி உலாவின்போது ரசிகர் ஒருவர் எறிந்த லிவர்பூல் கழுத்துத்துண்டைக் காவலர் ஒருவர் காலால் ஒதுக்கினார். ஷாங்க்லி அவரைக் கடிந்துகொண்டு, அதனை எடுத்துத் தம் கழுத்தில் அணிந்தார். 1974 இல் ஓய்வு பெற்றார். அவரது அஸ்தி ஆன்ஃபீல்டு திடலில் தூவப்பட்டது.