மடுவுக்கு அத்திவாரமிட்ட பொன்ஜீன் ஆண்டகை

ஆடித் திருவிழாவுக்கு மடுவுக்குப் போகாத கத்தோலிக்கக் குடும்பம் வடபகுதியில் அரிது. திருச்சுரூபத்தை எல்லோரும் கண்குளிரப் பார்க்கிறோம். அந்தச் சுரூபம் வீற்றிருக்கும் கோவிலை யார் தொடக்கினார் என்று கேட்டால் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் பதில் சொல்வார்கள்?

கிறிஸ்தோபர் ஏர்னஸ்ட் பொன்ஜீன் 1823ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டின் றியோம் நகரிற் பிறந்தவர். இளங்குருவாக முதலில் இந்தியாவுக்கு வந்து கோயம்புத்தூர்ப் பகுதியில் உழைத்தார். தமிழ் அங்கேதான் அவருக்குக் கைவந்தது. 1856இல் அமலமரித் தியாகிகள் சபையிற் சேர்ந்து யாழ்ப்பாணத்துக்கு உரியவரானார். செமேரியா ஆண்டகை 1868இல் இறைவனடி சேர, அந்த ஆண்டிலேயே அவருடைய பொறுப்பு இவர் தோளில் ஏறியது.

பள்ளிக்கூடங்களுக்காக அவர் அரசாங்கத்தோடு வாதாடியதையும், 1876இல் நம் மக்களுக்கெனக் கத்தோலிக்கப் பத்திரிகை தொடக்கியதையும் விரித்தால் இப்பக்கம் போதாது. மடுவுக்கே வருவோம்.

ஒல்லாந்தர் காலத்து உபத்திரவத்துக்கு அஞ்சி, 1670இல் மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் அன்னையின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் ஓடின. யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்தவர்களும் அவர்களோடு சேர்ந்தனர். ஒளித்திருந்தவர்கள் எழுப்பிய கோவில் சிறிதாகத்தானே இருக்கும்? பின்னாளில் யாத்திரிகர் கூட்டம் பெருகப் பெருக, அந்தச் சிறு ஆலயம் போதாமற் போயிற்று.

ஆண்டகையின் முன் இருந்த வழிகள் இரண்டு. இருந்ததைத் திருத்தி, ஒட்டுப்போட்டுச் சமாளிக்கலாம். அல்லது இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம். பாட்டன் பூட்டன் முழந்தாளிட்ட இடத்தில் மண்வெட்டி வைப்பது சின்னக் காரியமா? வீட்டில் ஒரு பழைய சுவரை இடிக்கவே நமக்கு மனம் வருவதில்லை. அவர் துணிந்தார். 1872இல் புதிய கோவிலுக்கு அத்திவாரக்கல் நாட்டினார். அன்று அது கடுமையான முடிவாகவே தோன்றியிருக்கும்; ஆனால் சரியான முடிவு என்பதே என் எண்ணம். பழைய ஆலயத்தையே பேணியிருந்தால் ஆடி மாதக் கூட்டம் முழுவதும் வெயிலில் நின்றிருக்கும்.

வன்னியிற் கட்டுவது லேசான வேலையல்ல. தலைமன்னார்ப் புகையிரதப் பாதை 1914இல்தான் வந்தது. அதற்கு முன் சுமையெல்லாம் மாட்டுவண்டியிலே, காட்டுப் பாதையிலே. மாரி பிடித்தால் வண்டிச்சில்லு சேற்றிற் புதையும். கோடையில் குடிக்கவும் தண்ணீர் குறைவு, சாந்து குழைக்கவும் குறைவு. போதாததற்கு மலேரியாக் காய்ச்சல்.

கட்டி முடித்தாலும் வேலை ஓயாது. வன்னியில் மரத்தைக் கறையான் விடாது. அதனாற்றான் பாலை, முதிரை போன்ற வைரமரங்களைத் தேடுவார்கள். ஓடு ஒன்று விலகினாலும் மழைநீர் சுவருக்குள் இறங்கும். பழைய சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தினாற் கட்டப்பட்டவை. உள்ளே போன ஈரம் சாந்து வழியாக வெளியே காயும். வலுவுக்கென்று மேலே சீமெந்து பூசிவிட்டால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, பூச்சு உப்பிக் கொட்டும். உங்கள் ஊர்க் கோவிலிலும் பழைய சுவர் இருந்தால், திருத்த வேலைக்கு முன் மேசனிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள்.

தாம் தொடக்கிய கோவில் அபிஷேகம் பெறுவதை ஆண்டகை காணவில்லை. 1883இல் அவர் கொழும்புக்கு மாற்றப்பட்டார். அங்கே முதல் பேராயராகி, 1892 ஆகஸ்ட் 3ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். முகப்பு, குருமனை, லூர்து அன்னை கெபி எல்லாம் பின்னர் ஒவ்வொன்றாக எழுந்தன. 1924 யூலை 2இல் அன்னைக்கு முடிசூட்டப்பட்டது. கோவில் அபிஷேகம் செய்யப்பட்டதோ 1944இல், உலகப் போரின் நடுவிலே. கல் நாட்டி எழுபத்திரண்டு ஆண்டுகள்!

அதன் பின் மழையும் கறையானும் செய்யாததைப் போர் செய்தது. 1999 நவம்பரில் அங்கே அடைக்கலம் புகுந்திருந்தவர்கள் மேல் எறிகணை விழுந்து பலர் மாண்டனர். 2008 ஏப்ரலில் குருமார் சுரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோயினர். மாந்தையை விட்டு ஓடிய அன்னை மீண்டும் ஓடவேண்டி வந்தது. அந்த ஆவணியில் அன்னை திரும்பி வந்தபோது, பொன்ஜீன் ஆண்டகை அத்திவாரமிட்ட கோவில் காயங்களோடு நின்றிருந்தது. சுவர்களைத் திருத்தும் வேலை மறுபடியும் தொடங்கிற்று.