வேட்டைக்குச் சென்றவர்

கடல் கடந்து சென்று காட்டு விலங்குகளைக் காணும் ஆசை நம்மில் பலருக்கு உண்டு. அமெரிக்கரான கார்ல் ஏக்லி (1864–1926) அவற்றைச் சுட்டுக் கொண்டுவரவே ஆப்பிரிக்கா சென்றார். பதப்படுத்திய தோலை உயிருள்ளதுபோல் நிறுத்துவதில் வல்லவர். சிறுத்தையொன்றை வெறுங்கையாலேயே கொன்றவர்!

1921இல் நியூயார்க் அருங்காட்சியகத்துக்காகப் பெல்ஜியக் காங்கோவின் மலைகளில் கொரில்லாக்களைச் சுட்டார். தாம் கொலைகாரரோ என்று அவர் மனம் உறுத்தியது. நாடு திரும்பியதும், அம்மலைகளைக் காக்குமாறு பெல்ஜிய மன்னர் ஆல்பர்ட்டை வேண்டினார். 1925இல் ஆப்பிரிக்காவின் முதல் தேசியப் பூங்கா அங்கே உருவாயிற்று. இன்று அதன் பெயர் விருங்கா.

மறு ஆண்டு மீண்டும் சென்றவர் மிக்கேனோ மலையில் நோயுற்று இறந்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். உடன் சென்ற மனைவி மேரி எஞ்சிய பணியை முடித்த பின்னரே திரும்பினார். அவரையும் நாம் மறக்கலாகாது. சுடப்பட்ட கொரில்லாக்கள் இன்றும் நியூயார்க்கில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கின்றன.