மாதா படத்தையே சிறைபிடித்த கம்யூனிஸ்ட் அரசு! காலி ஃபிரேமோடு ஊர்வலம் போன போலந்து... யார் இந்த கர்தினால் விஷின்ஸ்கி?

1966 செப்டம்பர். போலந்தில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த ஒரு மாதா படத்தை போலீஸ் மடக்கியது. செஸ்டோஹோவா நகரில் உள்ள யாஸ்னா குரா மடத்துக்கே திருப்பிக் கொண்டுபோய், இனி வெளியே எடுக்கக் கூடாது என்று காவலும் போட்டது. ஒரு படத்தைப் பார்த்து அரசு ஏன் இவ்வளவு பயந்தது? பதில் கர்தினால் ஸ்டெஃபான் விஷின்ஸ்கியின் வாழ்க்கையில் இருக்கு.

அம்மாவை இழந்த சிறுவன்

1901-ல் சுசெலா கிராமத்தில் பிறந்தவர். 9 வயதிலேயே அம்மா இறந்துட்டாங்க. 1924-ல் குருப்பட்டம் வாங்கியதும், முதல் திருப்பலி நிறைவேற்ற அவர் போன இடம் யாஸ்னா குரா. அங்கே இருக்கும் கறுப்பு மாதா ஓவியம் போலந்து மக்களுக்கு உயிர். 1946-ல் லூப்ளின் ஆயர். 1948-ல் நாட்டின் கத்தோலிக்கத் திருச்சபைக்கே தலைவர்.

கண்ணீர் விட்ட மாதா

அவர் வார்சாவுக்கு மாறிய பிறகு, 1949 ஜூலை 3-ல் லூப்ளின் பேராலயத்தில் பரபரப்பு. கறுப்பு மாதா ஓவியத்தின் பிரதி ஒன்றில் கண்ணீர் வழிவதாக ஓர் அருட்சகோதரி சொல்ல, ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். கண்ணீர் உண்மையோ இல்லையோ, கூட்டம் உண்மை. அதுதான் அரசை உறுத்தியது. பலர் கைதானார்கள்.

3 வருஷக் காவல்

விஷின்ஸ்கி எடுத்ததுமே மோதவில்லை. 1950-ல் அரசோடு ஒப்பந்தம்கூட போட்டார். ஆனால், திருச்சபைப் பதவிகளில் யாரை நியமிப்பது என்பதிலும் அரசு தலையிட்டதும், 1953-ல் முடியாது என்று எழுதிக் கொடுத்தார். அதே ஆண்டு செப்டம்பர் 25 இரவு கைது. விசாரணையே இல்லாமல், 3 ஆண்டுகளில் 4 இடங்களில் அடைத்து வைத்தார்கள்.

கடைசி இடமான கொமாஞ்சாவில், நாட்டு மக்கள் மாதாவுக்குக் கொடுக்கும் வாக்குறுதி ஒன்றை எழுதினார். 1956 ஆகஸ்ட் 26-ல் யாஸ்னா குராவில் கூடிய சுமார் 10 லட்சம் பேர் அதை ஏற்றார்கள். அவருக்கான நாற்காலியில் பூக்கள் மட்டும் இருந்தன. அக்டோபரில் விடுதலை.

காலி ஃபிரேம்

அடுத்த ஆண்டே கறுப்பு மாதா படத்தின் பிரதி ஒன்று பங்கு பங்காகப் பயணம் கிளம்பியது. 1966, போலந்து கிறிஸ்தவத்தைத் தழுவிய 1000-வது ஆண்டு. அரசு போட்டி விழா நடத்தியது. திருத்தந்தை ஆறாம் பவுல் வர அனுமதி மறுத்தது. படமும் பறிபோனது. ஊர்வலம் மட்டும் நிற்கல. காலி ஃபிரேமும் மெழுகுவர்த்தியும் ஊர் ஊராகப் போச்சு. உள்ளே படம் ஏன் இல்லை என்று யாரும் விளக்க வேண்டிய அவசியமே வரவில்லை. பார்த்தவுடனே எல்லோருக்கும் புரிந்தது. கடைசியில் 1972-ல், மடத்திலிருந்து படத்தை ரகசியமாக வெளியே கொண்டுவந்தார் ஒரு பாதிரியார். பயணம் மறுபடி படத்தோடு தொடர்ந்தது.

1981 மே 28-ல் விஷின்ஸ்கி காலமானார். 1989-ல் கம்யூனிஸ்ட் ஆட்சி முடிந்ததை அவர் பார்க்கவில்லை. 2021-ல் திருச்சபை அவரை அருளாளராக அறிவித்தது.