ஆல்ஃபிரட் வெகெனரும் நடுப்பனி நிலையமும்

உலகின் மிகப் பெரிய தீவு கிரீன்லாந்து. அதன் பெரும்பகுதியை அடர்ந்த பனிப்படலம் மூடியிருக்கிறது. நூறாண்டுகளுக்கு முன்னர், அத்தீவின் நடுப்பகுதியில் குளிர்காலம் எப்படியிருக்கும் என்பது எவருக்கும் தெரியாது. அதை அறிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. யாராவது அங்கேயே தங்கி, ஓராண்டு முழுவதும் விடாமல் அளவெடுக்க வேண்டும். அம்முயற்சிக்குத் தலைமையேற்றவர், ஜெர்மானிய அறிவியலாளர் ஆல்ஃபிரட் வெகெனர்.

வெகெனர் 1880ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் பெர்லின் நகரில் பிறந்தார். வானியல் பயின்று 1905இல் முனைவர் பட்டம் பெற்றார். எனினும், அவரது நாட்டம் வானிலை ஆய்வின் பக்கம் திரும்பியது. மேலடுக்குக் காற்றின் தன்மையை அறியப் பலூன்களைப் பயன்படுத்தினார். 1906இல் தம் அண்ணன் கர்ட்டுடன் பலூனில் ஏறி, 52 மணி நேரத்திற்கும் மேலாக வானில் மிதந்து உலகச் சாதனை படைத்தார்.

அதே ஆண்டில், டென்மார்க் நாட்டு ஆய்வுக் குழுவினருடன் முதன்முறையாகக் கிரீன்லாந்துக்குச் சென்றார். அங்கு ஈராண்டுகள் தங்கி, பட்டங்களையும் பலூன்களையும் பறக்கவிட்டுக் காற்றை ஆராய்ந்தார். அப்பயணத்தில் குழுவின் தலைவரும் இருவரும் பனிவெளியில் உயிரிழந்தனர். அதைக் கண்ட பின்னரும் வெகெனரின் மனம் தளரவில்லை. 1912இல் மீண்டும் சென்று, பனியின்மீதே குளிர்காலத்தைக் கழித்தார். அடுத்த ஆண்டு, குதிரைகளின் துணையுடன் தீவைக் குறுக்கே கடந்தார்.

இன்று நாம் வெகெனரை நினைவுகூர்வது வேறொரு காரணத்திற்காக. கண்டங்கள் ஒருகாலத்தில் ஒன்றாக இருந்தன. பின்னர் மெல்ல மெல்ல விலகிச் சென்றன என்னும் கருத்தை அவர் 1912இல் வெளியிட்டார். அக்காலத்து அறிஞர்கள் பலர் அதை ஏற்கவில்லை. சிலர் எள்ளி நகையாடினர். எதிர்ப்பைக் கண்டு அவர் சோர்ந்துவிடவில்லை. மேலும் மேலும் சான்றுகளைத் திரட்டுவதே தக்க விடை என்று கருதினார்.

1930இல் வெகெனர் மேற்கொண்ட திட்டம் மிகப் பெரியது. கிரீன்லாந்தின் மேற்கிலும் கிழக்கிலும் நடுவிலும் மூன்று நிலையங்களை அமைத்து, ஒரே காலத்தில் அளவெடுக்க வேண்டும். அவற்றுள் கடினமானது, மேற்கு நிலையத்திலிருந்து 400 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்தில் அமைந்த நடுப்பனி நிலையம்.

தொடக்கத்திலேயே தடை ஏற்பட்டது. கடற்கரையை அடைத்திருந்த பனிக்கட்டி உருகாததால், கப்பலில் வந்த பொருள்களைக் கரையேற்ற ஐந்து வாரங்களுக்கும் மேல் தாமதமானது. குறுகிய கோடைக்காலத்தில் அந்த இழப்பை ஈடுசெய்ய இயலவில்லை. விமான விசிறி பொருத்திய இயந்திரச் சறுக்கு வண்டிகளும் புதுப்பனியில் சிக்கிப் பாதி வழியிலேயே நின்றுவிட்டன. நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிகளில் கொண்டுசெல்ல முடிந்தவை மட்டுமே நடுப்பனி நிலையத்தைச் சென்றடைந்தன. குளிர்கால வீடும் வானொலிக் கருவியும் போய்ச் சேரவில்லை, மண்ணெண்ணெயும் போதவில்லை.

அங்கிருந்த கியோர்கியும் சோர்கேயும் பனியைக் குடைந்து, அதற்குள் அறை அமைத்துக் குடியேறினர். குறித்த நாளுக்குள் எரிபொருள் வராவிட்டால் நிலையத்தைக் கைவிட்டுத் திரும்புவோம் என்று மேற்கு நிலையத்திற்குக் கடிதம் அனுப்பினர். அவ்வாறு திரும்பினால் ஆய்வு நின்றுவிடும். நடந்தே வர முயலும் இருவரின் உயிருக்கும் ஆபத்து நேரும். இவ்விரண்டையும் தடுக்க வெகெனர் தாமே புறப்பட முடிவு செய்தார்.

செப்டம்பர் 21ஆம் நாள், 15 சறுக்கு வண்டிகளுடன் பயணம் தொடங்கியது. வானிலை ஆய்வாளர் லோவேயும் கிரீன்லாந்து மக்கள் 13 பேரும் உடன் சென்றனர். கடும்பனியும் காற்றும் வாட்டின. கிரீன்லாந்து மக்கள் ஒவ்வொரு குழுவாகத் திரும்பிவிட, இறுதிவரை உடன் நின்றவர் ராஸ்முஸ் வில்லும்சென் என்னும் இளைஞர் ஒருவரே. வெப்பநிலை சுழியத்திற்குக் கீழ் 54 பாகை செல்சியஸ்வரை இறங்கியது. சுமையைக் குறைப்பதற்காகப் பொருள்களை வழியிலேயே விட்டுவிட நேர்ந்தது. 40 நாள் போராட்டத்திற்குப் பின், அக்டோபர் 30ஆம் நாள் மூவரும் நிலையத்தை அடைந்தனர்.

கியோர்கியும் சோர்கேயும் அங்கேயே இருந்தனர். இருக்கும் எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்திக் குளிர்காலத்தைக் கடந்துவிடலாம் என்று அவர்கள் முன்னரே முடிவு செய்திருந்தனர். வானொலி இல்லாததால் அச்செய்தி வெகெனருக்கு எட்டவில்லை. ஆய்வு தொடர்வதைக் கண்டு அவர் மகிழ்ந்தார். ஆனால், அங்கிருந்த உணவு ஐவருக்குப் போதாது. லோவேயின் கால்விரல்கள் உறைபனியால் பாதிக்கப்பட்டிருந்ததால் அவரால் நடக்க இயலாது. எனவே, நவம்பர் முதல் நாள், தம் 50ஆவது பிறந்தநாளன்று, வெகெனர் வில்லும்செனுடன் மேற்கு நோக்கிப் புறப்பட்டார்.

அவர்கள் மேற்கு நிலையத்தைச் சென்றடையவில்லை. நடுப்பனி நிலையத்தில் இருந்தவர்கள் இருவரும் மேற்கே சேர்ந்திருப்பர் என்று நம்பினர். மேற்கே இருந்தவர்களோ, அவர்கள் நடுப்பனி நிலையத்தில் குளிர்காலத்தைக் கழிப்பதாக எண்ணினர். 1931 மே மாதத்தில்தான் உண்மை தெரிந்தது. பாதி வழியில், பனியில் நட்டிருந்த பனிச்சறுக்குக் கட்டைகளின் அடியில் வெகெனரின் உடல் கண்டெடுக்கப்பட்டது. கடும் உழைப்பால் அவரது இதயம் செயலிழந்திருக்கக்கூடும் என்று கருதப்படுகிறது. வில்லும்சென் அவரைக் கவனமாக அடக்கம் செய்து, இடத்திற்கு அடையாளமும் வைத்துவிட்டுச் சென்றிருந்தார். வெகெனரின் நாட்குறிப்பை எடுத்துக்கொண்டு தனியே பயணத்தைத் தொடர்ந்த அந்த இளைஞர் என்ன ஆனார் என்பது இன்றுவரை தெரியவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுவதும் நடுப்பனி நிலையத்தின் பணி நிற்கவில்லை. தோழர்கள் லோவேயின் பாதிக்கப்பட்ட விரல்களை, மயக்க மருந்தின்றிச் சிறு கத்தியால் அகற்றி அவரது உயிரைக் காத்தனர். வெளியே வெப்பநிலை சுழியத்திற்குக் கீழ் 60 பாகையையும் தாண்டி இறங்கியது. பாதரசம் சுழியத்திற்குக் கீழ் 39 பாகையிலேயே உறைந்துவிடும். அத்தகைய குளிரை அளக்கச் சாராய வெப்பமானியே உதவும். இருளிலும் புயலிலும் கியோர்கி நாள்தோறும் வெளியே ஏறிச் சென்று வெப்பநிலையையும் காற்றழுத்தத்தையும் காற்றின் வேகத்தையும் குறித்து வந்தார். சோர்கே 15 மீட்டர் ஆழத்திற்குக் குழி தோண்டி, பனியடுக்குகளின் அடர்த்தியை அளந்தார். பனி ஆண்டுதோறும் எவ்வாறு படிந்து இறுகுகிறது என்பதை அந்த அளவீடுகள் காட்டின. வெடியதிர்வின் எதிரொலியைக் கொண்டு அளந்தபோது, பனிப்படலத்தின் தடிமன் 2 கிலோமீட்டருக்கும் மேற்பட்டது என்பதும் தெரியவந்தது. ஒரு வாரப் பதிவு விடுபட்டாலும் அதைப் பின்னர் நிரப்ப முடியாது என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

வெகெனரின் மறைவுக்குப் பின், அவருடைய அண்ணன் கர்ட் குழுவின் பொறுப்பை ஏற்றார். 1931 ஆகஸ்டு மாதத்தில் நடுப்பனி நிலையம் ஓராண்டுப் பணியை நிறைவு செய்தது. கிரீன்லாந்தின் நடுப்பகுதியைப் பற்றிய முதல் முழுமையான வானிலைப் பதிவு உலகிற்குக் கிடைத்தது.

கண்டங்கள் நகர்கின்றன என்னும் வெகெனரின் கருத்தையும் 1960களில் உலகம் ஏற்றுக்கொண்டது. கடலடித் தரையில் எடுக்கப்பட்ட அளவீடுகளே அதற்குச் சான்றாயின. 1980இல் ஜெர்மனியில் நிறுவப்பட்ட துருவ ஆய்வுக் கழகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அக்கழகத்தின் ஆய்வாளர்கள், அண்டார்டிகாவில் ஆண்டு முழுவதும் தங்கி, ஒரு நாளும் விடாமல் வானிலையைப் பதிவு செய்து வருகின்றனர். வெகெனரோ, மனைவி எல்சேயின் விருப்பப்படி, தாம் ஆராய்ந்த அந்தப் பனிக்குள்ளேயே உறங்குகிறார்.