குண்டு வெடித்த பிறகும் வாயை மூடாத ரபி: யார் இந்த ஜேக்கப் ராத்சைல்ட்?

ஆஸ்கர் வாங்கிய ‘டிரைவிங் மிஸ் டெய்சி’ படத்தை ஓடிடியில் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி ஞாபகம் இருக்கும். வயதான யூதப் பெண்மணி டெய்சி, வழிபாட்டுக்காக காரில் போய்க்கொண்டிருப்பார். வழியில் டிராஃபிக் ஜாம். என்ன விஷயம் என்று விசாரித்துவிட்டு வரும் கறுப்பின டிரைவர் ஹோக், உங்கள் கோயிலில் குண்டு வைத்துவிட்டார்கள் என்று சொல்வார். டெய்சியால் நம்பவே முடியாது.

டெய்சி கற்பனைப் பாத்திரம். குண்டு கற்பனை இல்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள அட்லாண்டாவில், ‘தி டெம்பிள்’ என்று எல்லோரும் கூப்பிடும் யூத வழிபாட்டுக்கூடத்தில் 1958 அக்டோபர் 12 அதிகாலையில் அது வெடித்தது. அந்தச் சபையின் மதகுருதான் ரபி ஜேக்கப் ராத்சைல்ட். குண்டுக்குக் காரணம் அவர் பேசிய பேச்சு என்று அப்போது பலரும் நினைத்தார்கள். அப்படி என்னதான் பேசினார்? பேசியதால் அந்தச் சபையில் என்ன மாறியது?

(ராத்சைல்ட் என்றதும் ஐரோப்பாவின் பணக்கார வங்கிக் குடும்பம் ஞாபகம் வரலாம். நம்ம ஆள் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்த ஒரு குரு, அவ்வளவுதான்.)

பயந்துபோன ஒரு சபை

ராத்சைல்ட் 1911-ல் பிட்ஸ்பர்க்கில் பிறந்தவர். வடக்குப் பையன். சின்சினாட்டியில் படித்து 1936-ல் ரபி ஆனார். இரண்டாம் உலகப் போரில் ராணுவ மதகுருவாகச் சேர்ந்து, பசிபிக் தீவான குவாடல்கனாலில் குண்டு மழைக்கு நடுவே இருந்தார். போர் முடிந்து 1946-ல் அட்லாண்டா வந்து சேர்ந்தபோது வயது 35. அதே வருடக் கடைசியில் உள்ளூர்ப் பெண்ணான ஜானிஸைக் கல்யாணம் செய்துகொண்டார்.

அவர் பொறுப்பேற்ற சபை பழையது, வசதியானது. 1867-ல் தொடங்கியது. அதன் அதிகாரபூர்வப் பெயரிலேயே ‘உபகாரம்’ என்ற பொருள் தரும் சொல் உண்டு. பீச்ட்ரீ சாலையில் தூண்கள் வைத்த கம்பீரமான கட்டடம். வியாபாரிகள், வக்கீல்கள், டாக்டர்கள் என்று உறுப்பினர்கள் எல்லோரும் ஊரில் மரியாதையோடு இருந்தவர்கள். ஆனால் உள்ளுக்குள் ஒரு பயம். அது புரிய 1915-க்குப் போக வேண்டும்.

லியோ ஃபிராங்க் என்பவர் அட்லாண்டாவில் ஒரு பென்சில் தொழிற்சாலையின் மேலாளர், யூதர். அங்கே வேலை பார்த்த 13 வயதுச் சிறுமி மேரி ஃபேகன் 1913-ல் கொலையானாள். யூத வெறுப்பு கொதித்துக்கொண்டிருந்த சூழலில் ஃபிராங்குக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஆதாரங்களில் சந்தேகம் இருந்ததால் ஆளுநர் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். 1915 ஆகஸ்டில் ஒரு கும்பல் அவரைச் சிறையிலிருந்து தூக்கிப் போய் மரத்தில் தொங்கவிட்டது. ஜார்ஜியா அரசு அவருக்கு மன்னிப்பு வழங்கியது 1986-ல்.

ஃபிராங்க் இந்த டெம்பிள் சபைக்காரர். அதனால் அடுத்த 30 வருடமும் அந்தச் சபையின் கொள்கை ஒன்றே ஒன்றுதான்: கண்ணில் படாமல் இருப்போம். ராத்சைல்டுக்கு முன்பு ஐம்பது வருடம் குருவாக இருந்த டேவிட் மார்க்ஸ், அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவர்களோடு எவ்வளவு ஒட்டிப்போக முடியுமோ அவ்வளவு ஒட்டிப்போகும்படிதான் சபையை நடத்தினார். பேருந்தில் கறுப்பினத்தவர் பின்னால் உட்கார வேண்டும், பள்ளிக்கூடம் தனி, குடிதண்ணீர்க் குழாய்கூடத் தனி. இதெல்லாம் தப்பு என்று டெம்பிளில் பலருக்கும் தெரியும். வெளியே சொல்ல மாட்டார்கள். நாளைக்கு அந்தக் கும்பல் திரும்பவும் வந்தால்?

இந்தப் பயத்தைக் கோழைத்தனம் என்று இன்றைக்கு உட்கார்ந்துகொண்டு சொல்வது ஈஸி. பக்கத்து வீட்டுக்காரரைத் தூக்கில் தொங்கவிட்டதைப் பார்த்தவர்கள் அப்போது உயிரோடு இருந்தார்கள்.

சம்பளம் கொடுப்பவர்களிடமே பேசுவது

இங்கே ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்க யூத சபைகளில் ரபியை மேலிடம் யாரும் நியமிப்பதில்லை. சபையே ஆள் தேடி, ஒப்பந்தம் போட்டு, சம்பளம் கொடுக்கும். பிடிக்கவில்லை என்றால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிடலாம். முதலாளியைப் பார்த்து நீங்கள் செய்வது பாவம் என்று ஒரு ஊழியர் வருடா வருடம் சொல்வது எப்படி இருக்கும்? ராத்சைல்ட் செய்தது அதைத்தான்.

1948-லேயே ஆரம்பித்துவிட்டார். யூதர்களின் புத்தாண்டும் பாவ மன்னிப்பு நாளும் வரும் புனித நாள்களில்தான் கோயில் நிரம்பி வழியும். வருடம் முழுக்க எட்டிப் பார்க்காதவர்கள்கூட அன்றைக்கு வருவார்கள். அந்தக் கூட்டத்தின் முன்னால் நின்று இன ஒதுக்கலைப் பற்றிப் பேசினார். வெறுப்பைப் பரப்புகிறவர்களைவிட, அதைத் தெரிந்துகொண்டே சும்மா இருக்கும் நல்லவர்கள்மேல்தான் அவருக்கு அதிகக் கோபம்.

சிலர் முகம் சுளித்தார்கள். வடக்கிலிருந்து வந்தவருக்கு இந்த ஊர் நிலவரம் தெரியாது என்றார்கள். ஆனாலும் அவரை யாரும் அனுப்பவில்லை. அதற்கு அவருடைய சுபாவமும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது. கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி என்று எல்லோர் வீட்டிலும் கூடவே நின்றவர். கோர்ட்டைப் போல அல்லாமல், வேதத்தில் இருப்பதைத்தான் சொல்கிறேன் என்று பேசியவர்.

1954-ல் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் தெற்கு மாநிலங்கள் கொதித்தன. ஜார்ஜியா ஒரு படி மேலே போனது. கறுப்பினக் குழந்தையை வெள்ளையர் பள்ளியில் சேர்த்தால் அந்தப் பள்ளிக்கு அரசுப் பணம் கிடையாது, மூட வேண்டியதுதான் என்று சட்டமே போட்டது. 1957 நவம்பரில் அட்லாண்டாவின் 80 கிறிஸ்தவ மதகுருக்கள் சேர்ந்து, சட்டத்தை மதிக்க வேண்டும், பள்ளிகளை மூடக் கூடாது என்று பத்திரிகையில் அறிக்கை வெளியிட்டார்கள். அதன் பின்னணியில் ராத்சைல்டும் இருந்தார். ஆனால் கையெழுத்துப் போடவில்லை. அறிக்கை கிறிஸ்தவ நம்பிக்கையின் மொழியில் எழுதப்பட்டிருந்ததால், அதை ஆதரித்துத் தனியாக எழுதினார்.

அதிகாலை 3.37

1957 கடைசியிலிருந்தே தெற்கில் யூதக் கூடங்களைக் குறிவைத்துக் குண்டுகள் வரத் தொடங்கின. மயாமி, நாஷ்வில், ஜாக்சன்வில். பர்மிங்ஹாமில் வைத்த குண்டு மட்டும் வெடிக்கவில்லை. அடுத்தது அட்லாண்டா.

சுமார் 50 டைனமைட் குச்சிகள். பக்கவாட்டுச் சுவர் பிய்ந்து போனது, வண்ணக் கண்ணாடிகள் நொறுங்கின. அது ஞாயிற்றுக்கிழமை. இன்னும் சில மணி நேரம் போயிருந்தால் ஞாயிறு வகுப்புக்காக நூற்றுக்கணக்கான குழந்தைகள் உள்ளே இருந்திருப்பார்கள். அதிகாலை என்பதால் ஒருவருக்கும் காயம் இல்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். 1915-ல் அட்லாண்டாவின் பெரிய மனிதர்கள் பலர் வாய் திறக்கவில்லை. 1958-ல் அப்படி இல்லை. மேயர் வில்லியம் ஹார்ட்ஸ்ஃபீல்ட் நேராக இடிபாடுகளுக்கு வந்து நின்று கண்டித்தார். அதிபர் ஐசன்ஹோவர் கண்டித்தார். ‘அட்லாண்டா கான்ஸ்டிடியூஷன்’ ஆசிரியர் ரால்ஃப் மெக்கில் எழுதிய தலையங்கம் அடுத்த வருடம் புலிட்சர் பரிசு வாங்கியது. வெறுப்புப் பேச்சைக் கண்டும் காணாமல் விட்ட அரசியல்வாதிகள்தான் இந்தக் குண்டுக்கு வழி செய்து கொடுத்தார்கள் என்பது அதன் சாரம். தேவாலயங்கள் தங்கள் இடத்தை வழிபாட்டுக்குத் தர முன்வந்தன.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை, உடைந்த ஜன்னல்களுக்கு நடுவே வழிபாடு நடந்தது. கூட்டம் கொள்ளவில்லை. இனிமேலாவது ரபி அடக்கி வாசிப்பார் என்று யாராவது எதிர்பார்த்திருந்தால் ஏமாந்திருப்பார்கள். நாங்கள் பயப்படப் போவதில்லை என்பதையே அன்றைய பிரசங்கமாக வைத்தார்.

வழக்கு என்ன ஆச்சு? ஐந்து பேர்மேல் குற்றச்சாட்டு. விசாரணைக்கு வந்தது ஜார்ஜ் பிரைட் என்ற ஒருவர் மட்டும். முதல் முறை ஜூரிகளுக்குள் ஒத்துப்போகவில்லை. 1959 ஜனவரியில் இரண்டாவது விசாரணையில் விடுதலை. மற்றவர்களும் வெளியே வந்தார்கள். இன்று வரை இந்த வழக்கில் ஒருவருக்கும் தண்டனை இல்லை.

ஆனாலும் அந்தக் குண்டு சபையின் பழைய பயத்தை உடைத்துவிட்டது என்று ஜானிஸ் பின்னாளில் எழுதினார். இந்த முறை ஊர் தங்கள் பக்கம் நின்றதை டெம்பிள்காரர்கள் கண்ணால் பார்த்துவிட்டார்கள்.

பிரசங்கத்துக்குப் பிறகு வேலை

பள்ளிகளை மூடவிடக் கூடாது என்று அட்லாண்டாவின் தாய்மார்கள் சிலர் 1958-ல் ‘ஹோப்’ என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தார்கள். வீட்டுக்கு வீடு போன் போடுவது, கையெழுத்து வாங்குவது, சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதுவது என்று எல்லாம் போரடிக்கும் வேலைகள். டெம்பிளைச் சேர்ந்தவர்களும் இந்த முயற்சியில் கைகோத்தார்கள். ஒரு சங்கடமான உண்மையையும் சொல்லியாக வேண்டும். சட்டமன்றம் காது கொடுக்க வேண்டும் என்பதற்காக ஹோப் வெள்ளையர்களை மட்டுமே உறுப்பினராகச் சேர்த்தது. பிரிவினையை உடைக்கப் பிரிவினையையே உத்தியாகப் பிடித்துக்கொண்டது. எனக்கு இது இன்னும் உறுத்துகிறது. ஆனால் பள்ளிகள் மூடப்படவில்லை. 1961 ஆகஸ்ட் 30 அன்று ஒன்பது கறுப்பின மாணவர்கள் வெள்ளையர்களின் நான்கு உயர்நிலைப் பள்ளிகளுக்குள் கலவரம் இல்லாமல் நுழைந்தார்கள்.

டெம்பிள் உறுப்பினரும் கட்டடக் கலைஞருமான செசில் அலெக்சாண்டர், நகரச் சீரமைப்புக் குழுவின் தலைவராக இருந்து கறுப்பினத்தவரின் வீட்டு வசதிக்காக வேலை பார்த்தார். ஆனால் சபை முழுக்க ஒரே நாளில் திருந்திவிட்டது என்று கதை கட்ட முடியாது. அட்லாண்டாவின் பெரிய கடையான ரிச்ஸை நடத்திய குடும்பத்துக்கும் இந்தச் சபைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அங்கே கறுப்பினத்தவர் பொருள் வாங்கலாம், உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. 1960 அக்டோபரில் அங்கே மாணவர்களோடு போய் உட்கார்ந்த ஒருவர் கைதானார். அவர் பெயர் மார்ட்டின் லூதர் கிங்.

அந்த வருடம்தான் கிங் குடும்பம் அட்லாண்டாவுக்குக் குடிவந்திருந்தது. ராத்சைல்ட் வீட்டில் விருந்துக்கு அழைத்தார்கள். வெள்ளையர் குடியிருக்கும் பகுதி, இருட்டு, வீட்டு எண் தெரியவில்லை. கிங் தம்பதி தாமதமாகத்தான் வந்தார்கள். பக்கத்து வீட்டில் வழி கேட்க வேண்டியிருந்ததாம். உங்களுக்குச் சங்கடம் வராதபடி, பரிமாற வந்த வேலைக்காரர்கள் என்று அவர்கள் நினைத்துக்கொள்ளும்படிதான் கேட்டோம் என்று கிங் சொன்னதாக ஜானிஸ் பதிவு செய்திருக்கிறார். விருந்தாளியே விருந்து கொடுப்பவருக்காகக் கவலைப்பட்ட காலம் அது.

நோபல் வாங்கியவருக்கு ஊரில் விருந்து இல்லையா?

1964-ல் கிங்குக்கு அமைதிக்கான நோபல். அட்லாண்டாக்காரர் ஒருவருக்கு உலகமே கைதட்டுகிறது, ஊரில் பாராட்டுக் கூட்டம் நடத்தவே தயக்கம். ராத்சைல்ட், கத்தோலிக்கப் பேராயர் பால் ஹாலினன், மோர்ஹவுஸ் கல்லூரித் தலைவர் பெஞ்சமின் மேஸ், பத்திரிகையாளர் மெக்கில் ஆகிய நால்வரும் முன்னின்று விருந்துக்கு ஏற்பாடு செய்தார்கள். வெள்ளையர் தொழிலதிபர்கள் நழுவினார்கள். கடைசியில் மேயர் ஐவன் ஆலனும் கோகோ கோலா நிறுவனத் தலைவர் பால் ஆஸ்டினும் இறங்கிப் பேசினார்கள். இப்படி வெட்கப்பட வைக்கும் ஊரில் எங்கள் கம்பெனி இருக்க வேண்டிய அவசியம் இல்லை என்ற தொனியில் ஆஸ்டின் பேசியதாக, கிங்கின் தோழர் ஆண்ட்ரூ யங் பின்னாளில் சொன்னார். அதற்கப்புறம் டிக்கெட் பறந்தது.

1965 ஜனவரி 27, டிங்க்ளர் பிளாசா ஹோட்டல். சுமார் 1,500 பேர், கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே மேஜையில். ஊரில் அதுவரை அப்படி ஒரு விருந்து நடந்ததில்லை. ‘டிரைவிங் மிஸ் டெய்சி’யில் இந்த விருந்தும் வரும். டெய்சி உள்ளே உட்கார்ந்து கிங்கின் பேச்சைக் கேட்பார். கடைசி நிமிடத்தில், அதுவும் அரை மனதாகக் கூப்பிடப்பட்ட ஹோக், வெளியே காரில் ரேடியோவில் அதே பேச்சைக் கேட்பார். கதையை எழுதிய ஆல்ஃபிரட் ஊரி இதே டெம்பிளில் வளர்ந்தவர். தன் சபையை அவருக்கு நன்றாகத் தெரியும்.

அதன் பிறகான வருடங்கள் ராத்சைல்டுக்கு அவ்வளவு சுலபமாக இல்லை. கறுப்பின இளைஞர்களின் ‘பிளாக் பவர்’ அரசியல் வளர்ந்தபோது, வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்து நடப்பதையே நம்பிய அவரால் அதோடு ஒத்துப்போக முடியவில்லை. ஆனாலும் நகரத்தின் சமூக உறவுகள் ஆணையத்தில் தொடர்ந்து வேலை செய்தார். 1968-ல் கிங் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அட்லாண்டாவின் மதகுருக்கள் கூடி நடத்திய நினைவு வழிபாட்டில் அஞ்சலி உரை ஆற்ற அழைக்கப்பட்டவர் அவர்தான். வழிபாடு நடந்த இடம் ஒரு கிறிஸ்தவப் பேராலயம்.

1973 டிசம்பர் 31 அன்று மாரடைப்பால் இறந்தார். வயது 62. கடைசி வரை டெம்பிளின் ரபியாகவே இருந்தார்.

1984-ல் அதே டெம்பிள் கட்டடத்தில் வீடில்லாத தம்பதிகளுக்கான இரவுத் தங்குமிடம் திறக்கப்பட்டது. பெரும்பாலான காப்பகங்களில் கணவனையும் மனைவியையும் பிரித்துத்தான் படுக்க வைப்பார்கள், இங்கே சேர்ந்தே தங்கலாம். சபை உறுப்பினர்களே முறை போட்டுக்கொண்டு வந்து இரவுச் சாப்பாடு பரிமாறினார்கள், ராத்திரி காவலுக்கும் அங்கேயே படுத்தார்கள். சபையின் சமூக நீதி வேலைகளை இப்போது ஒருங்கிணைக்கும் பிரிவுக்கு ராத்சைல்டின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.