சுரங்கத்திலிருந்து வந்த சுகாதார மந்திரி

பாலம் கட்டுறவன் எதுக்கு மந்திரி கதை எழுதுறான்னு ஜூனியர்கள் கேட்கலாம். படிங்க, புரியும்.

1897-இல் வேல்ஸில் ட்ரெடிகர் என்ற ஊரில் பிறந்த அனைரின் பெவன், 13 வயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கினார். அதே தூசியால் நுரையீரல் கெட்டு அப்பா இறந்தார். நஷ்டஈடு சல்லிக்காசு வரவில்லை.

அவ்வூர்த் தொழிலாளர்கள் கூலியில் வாராவாரம் சில பென்னி போட்டு, சங்கமாகச் சேர்ந்து டாக்டர் வைத்திருந்தார்கள். சுகாதார மந்திரியானதும் பெவன் அதை பிரிட்டன் முழுக்க விரித்தார். 1948 ஜூலை 5 முதல் வைத்தியம் இலவசம்; செலவு பெரும்பாலும் வரிப்பணத்தில்.

1951-இல் ராணுவச் செலவு ஏறியது. பல்செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் பாதி விலை வரை வாங்கலாம் என்றது அவருடைய அரசே. சின்னத் தொகைதான். ஆனா விரிசலை விட்டா என்ன ஆகும்னு நம்ம சிவில்காரங்களுக்குச் சொல்லணுமா? பெவன் பதவியை உதறினார். கட்டணம் வந்தேவிட்டது. 1960-இல் இறக்கும்வரை அவர் மறுபடி மந்திரியாகவில்லை.