ஊரெல்லாம் கை நீட்டியபோது நீட்டாத ஊழியர்



நம்ம மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலைக்குப் போகிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள், ஆபீஸில் வேலை பார்ப்பவர்கள் ஜெபத்துக்கு வரும்போது ஒரே பாரத்தைத்தான் சொல்லுகிறார்கள். எடையில் கொஞ்சம் குறைக்கணும், பில்லில் கொஞ்சம் கூட்டணும், வேலை முடியணும்னா ஏதாவது கொடுக்கணும். எல்லாரும் செய்யறாங்களே, நான் ஒருத்தன் செய்யாம இருந்தா பிழைக்க முடியுமா என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகவே, நம்ம திருச்சியிலேயே ஜீவித்த ஒரு தேவ மனுஷனைப் பற்றி எழுதுகிறேன்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி தெப்பக்குளத்துப் பக்கம் நடந்தால் பழைய கிறிஸ்து நாதர் ஆலயம் இருக்கிறது. 1766-ல் அதைக் கட்டிப் பிரதிஷ்டை செய்தவர் சுவார்ட்ஸ் ஐயர். 1726-ல் ஜெர்மனி தேசத்துப் பிரஷ்யாவில் பிறந்தவர். சின்ன வயதிலேயே தாயை இழந்தவர். அந்தத் தாய் மரிக்கிறதற்கு முன்பே பிள்ளையைக் கர்த்தருக்கென்று ஒப்புக்கொடுத்துவிட்டாள். ஹாலே பட்டணத்தில் படிக்கும்போதே தமிழ் கற்றுக்கொண்டு, 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்தார். 1762-ல் திருச்சிக்கு வந்தார். கலியாணம் செய்யவில்லை. 48 வருஷம் இந்த மண்ணில் உழைத்தார். ஒரு தடவைகூட சொந்த ஊருக்குத் திரும்பவில்லை.

அந்த நாட்களில் திருச்சி எப்படி இருந்தது தெரியுமா? கோட்டைக்குள் ஆங்கிலேயப் பட்டாளம். குடியும் சூதும் சாதாரணம். ஆற்காட்டு நவாபுக்குக் கடன் மேல் கடன். கம்பெனி உத்தியோகஸ்தர்கள் பலர் அவருக்கே அதிக வட்டிக்குப் பணம் கொடுத்தார்கள், வெகுமதி என்ற பெயரில் வாங்கிக் குவித்தார்கள். சில வருஷத்தில் பணக்காரராகிக் கப்பலேறிப் போனார்கள். அவர்களும் கிறிஸ்தவர்கள் என்ற பெயரைத்தான் வைத்திருந்தார்கள்!

ஒரு தடவை சுவார்ட்ஸ் ஐயர் ஒரு நட்டுவனாரையும் அவரிடம் நாட்டியம் படிக்கிற பெண்ணையும் சந்தித்தார். பரிசுத்தமில்லாதவர் யாரும் பரலோக ராஜ்யத்துக்குள் போக முடியாது என்று அவர்களுக்குச் சொன்னார். அந்தப் பெண் உடனே, அப்படியானால் ஐரோப்பியரில் யாருமே அங்கே போகமாட்டார்களே ஐயா என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டாள். பிரசங்கத்துக்குப் பதில் சொல்லிவிடலாம். இதற்கு என்ன பதில் சொல்லுவது? ஜீவியத்தால்தான் சொல்ல முடியும். அவர் அப்படித்தான் சொன்னார்.

ஒரு பழைய கட்டடத்தில், படுக்கை போட்டால் நிறைந்துபோகிற சின்ன அறை. சோறும் காய்கறியும் ஆகாரம். கறுப்புச் சாயம் போட்ட பருத்தி அங்கி. 1764-ல் மதுரை முற்றுகையில் காயப்பட்ட சிப்பாய்களைப் போய்ப் பார்த்து விசாரித்தார் என்று நவாப் அவருக்கு 300 வராகன் கொடுத்தார். அதை அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார். பட்டாளத்து ஊழியத்துக்காகக் கம்பெனி வருஷம் 100 பவுன் சம்பளம் வைத்தபோது, பாதியைச் சபைக் காரியத்துக்குப் பிரித்துக் கொடுத்தார்.

1778-ல் தஞ்சாவூருக்குக் குடிபோனார். மறுவருஷம் சென்னை கவர்னர் அவரை மைசூர் ராஜ்யத்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு, ஐதர் அலியிடம் சமாதானம் பேச அனுப்பினார். வழிச்செலவுக்கென்று ஐதர் அலி கொடுத்த 300 ரூபாயைத் திரும்பி வந்ததும் அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். நீரே வைத்துக்கொள்ளும் என்றார்கள். அந்தப் பணமும் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்குத்தான் போனது.

1780-ல் யுத்தம் வந்தது. ஊர்கள் எரிந்தன, பஞ்சம் பிடித்தது. தஞ்சாவூர்க் கோட்டைக்குள் ஜனங்கள் பட்டினியால் செத்து விழுந்தார்கள். வெளியே கிராமங்களில் நெல் இருந்தது. ஆனால் கொண்டுவருவார் இல்லை. ஏன்? ராஜாவின் வார்த்தையையும் நம்பவில்லை, கம்பெனியின் வார்த்தையையும் நம்பவில்லை. மாட்டையும் நெல்லையும் வாங்கிக்கொண்டு காசு கொடுக்காமல் ஏமாற்றிய அனுபவம் அவ்வளவு!

கடைசியில் சுவார்ட்ஸ் ஐயரிடம் வந்து கெஞ்சினார்கள். அவர் கிராமத்தாருக்குக் கடிதம் எழுதினார். கிரயத்துக்கு நானே பொறுப்பு என்றார். ஒன்றிரண்டு நாளில் ஆயிரத்துக்கும் மேலான மாடுகள் வந்தன. உபதேசிமார் உயிரைப் பணயம் வைத்துப் போய், 80,000 கலம் நெல் கொண்டுவந்து சேர்த்தார்கள். கோட்டை பிழைத்தது. சொன்னபடியே ஒவ்வொருவருக்கும் கணக்குத் தீர்த்தார்.

இந்த யுத்தத்தில் ஐதர் அலி, இந்தப் பாதிரியாரை யாரும் தடுக்கக்கூடாது, தொடக்கூடாது என்று தன் சேனைக்கு உத்தரவிட்டிருந்தான். சத்துருவும் நம்பின மனுஷன்!

பிரியமானவர்களே, இதைக் கவனியுங்கள். ராஜாவின் முத்திரைக்கு வராத நெல், கம்பெனியின் துப்பாக்கிக்கு வராத நெல், ஒரு ஏழை ஊழியனின் வார்த்தைக்கு வந்தது. அந்த நம்பிக்கை பஞ்ச காலத்தில் ஒரே நாளில் உண்டானதல்ல. யாரும் பார்க்காத சின்ன அறையில், வாங்காமல் விட்ட வெகுமதிகளில், வருஷக்கணக்காக உண்டானது. சின்னதில் கறைபடாத கையைக் கர்த்தர் பெரியதில் எடுத்து உபயோகித்தார்.

1798 பிப்ரவரி 13-ல் தஞ்சாவூரில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவர் தகப்பனைப்போல் பாதுகாத்து வளர்த்த இளவரசர் சரபோஜி அழுதார். அந்த வருஷமே ராஜாவான சரபோஜி கிறிஸ்தவரல்ல. ஆனாலும் இங்கிலாந்திலிருந்து சலவைக்கல் சிற்பம் செய்வித்துத் தஞ்சாவூர் ஆலயத்தில் வைத்தார். சாகக்கிடக்கிற போதகரின் கையைத் தான் பிடித்திருப்பதாக அதில் செதுக்கச் சொன்னார். இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம்.

அரிசி ஆலையில் வேலை செய்கிற தம்பி, கடையில் தராசு பிடிக்கிற அக்கா, உங்களைத்தான் கேட்கிறேன். நாளைக்கு ஒரு நெருக்கடி வந்தால், விசுவாசி வார்த்தை கொடுத்தால் போதும் என்று பக்கத்து வீட்டுக்காரர் நெல்லை அவிழ்த்துக் கொடுப்பாரா? அல்லது அந்தப் பெண் சொன்னதைத்தான் நம்மைப் பார்த்தும் சொல்லுவாரா?

நஷ்டம் வரலாம். பைத்தியக்காரன் என்பார்கள். கர்த்தர் நம்மைக் கைவிடமாட்டார். கறையில்லாத கையைத் தரும்படி இந்த வாரம் முழங்காலில் நிற்போம். ஆமென், அல்லேலூயா!